38ஆவது வாரமா, காத்திருப்பதா: திருகோணமலையில் ஒரு மகப்பேற்று ஆலோசனை நிலையம் பற்றிய மதிப்பீடு

திருகோணமலை நகருக்குள் மாலை நேரங்களில் இயங்கும் ஒரு தனியார் மகப்பேற்று ஆலோசனை நிலையத்தைப் பற்றி இதை எழுதுகிறேன். குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரையோ அங்குள்ள வைத்திய நிபுணரின் பெயரையோ குறிப்பிடவில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளை பெரிதாக இருக்கலாம் என்று ஸ்கானில் சொல்லப்பட்ட பிறகு, வலி தானாக வரும்வரை பொறுத்திருப்பதா, முன்கூட்டியே மருந்து வைத்து வலியை வரவழைப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் தாய்மார் இத்தகைய ஆலோசனையில் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதை, எனக்குக் கிடைத்த சேவையை வைத்துச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

இது என் தலைப்பிள்ளை. நான் உப்புவெளியில் வசிக்கிறேன். உயரம் 150 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் நாடாவால் வயிற்றை அளந்தபோது அளவு வாரத்தை மிஞ்சி நின்றதால் ஸ்கான் எடுக்கச் சொன்னார். வேறொரு ஸ்கான் நிலையத்தில், 37 வாரம் நிறைந்திருந்தபோது, பிள்ளையின் மதிப்பிட்ட நிறை 3.9 கிலோ என்று அச்சிட்டுத் தந்தார்கள். இலங்கையில் பிறக்கும் பிள்ளைகளின் சராசரி நிறை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது என்பதால் அந்த எண் எங்கள் வீட்டில் எல்லோரையும் உலுக்கியது. "பிள்ளை பெரிது, நேரத்தோடு எடுக்கிறதுதான் நல்லது" என்று அங்கே சொன்னார்கள். ஏன் நல்லது, எவ்வளவு நல்லது, எடுக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதை யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு இரவுகளைக் கழிப்பது எத்தனை கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஆலோசனை நிலையத்தில் வைத்தியர் முதலில் ஸ்கான் தாளைப் பார்க்கவில்லை. கர்ப்பிணி அட்டையைத் திறந்து, குளுக்கோஸ் குடித்துச் செய்த பரிசோதனையின் முடிவைத் தேடினார். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் அந்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தின் பின் 180, இரண்டு மணி நேரத்தின் பின் 153 மில்லிகிராம் என்ற எல்லைகளில் ஏதேனும் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறார்கள். எனக்கு மூன்றும் குறைவாகவே இருந்தன. இது ஏன் முதல் கேள்வியாகிறது என்பதையும் அவர் விளக்கினார். நீரிழிவுள்ள தாயின் பிள்ளைக்குத் தலையை விடத் தோளிலும் உடம்பிலும் கொழுப்புக் கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே ஒரே நிறையுள்ள இரண்டு பிள்ளைகளில், நீரிழிவுள்ள தாயின் பிள்ளைக்கே பிரசவத்தின்போது தோள் சிக்கும் வாய்ப்பு அதிகம். நீரிழிவு இருந்திருந்தால் தன் ஆலோசனை முற்றிலும் வேறாக இருந்திருக்கும் என்றும், முன்கூட்டியே வலியை வரவழைக்கும் பக்கமே தான் சாய்ந்திருப்பார் என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். இதை வாசிப்பவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் கீழே நான் எழுதும் கணக்குகளைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

பிறகுதான் 3.9 கிலோவுக்கு வந்தார். ஸ்கான் இயந்திரம் பிள்ளையை நிறுப்பதில்லை. தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தில் இட்டு நிறையைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு உண்மை நிறையிலிருந்து 10 முதல் 15 சதவீதம் வரை கூடவும் குறையவும் இடமுண்டு. அவர் மேசையில் கிடந்த தாளில் எழுதிக் காட்டினார்: 15 சதவீதம் என்று எடுத்தால், என் பிள்ளை 3.3 கிலோவாகவும் இருக்கலாம், 4.5 கிலோவாகவும் இருக்கலாம். பெரிய பிள்ளைகளில் இந்தப் பிழை இன்னும் கூடுவதுண்டு. இரண்டாம் முறை ஸ்கான் எடுத்தால் தெளிவாகுமா என்று என் கணவர் கேட்டார். அதே இயந்திரம் அதே பிழையோடுதான் இன்னொரு எண்ணைத் தரும், அந்தச் செலவு வேண்டாம் என்று வைத்தியர் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்கானுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் ஓரிடத்தில் அப்படிச் சொல்வதற்கு நேர்மை வேண்டும்.

எதற்காகப் பயப்படுகிறோம் என்பதை விளக்க அவர் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பையும் ஒரு துணிப் பொம்மையையும் எடுத்தார். தலை வெளியே வந்த பிறகு முன்பக்கத் தோள் தாயின் இடுப்பெலும்பின் முன் வளைவில் சிக்கிக்கொள்வதே தோள் சிக்கல். பிரித்தானிய மகப்பேற்று நிபுணர்களின் ரோயல் கல்லூரி தரும் கணக்கின்படி, யோனிவழிப் பிரசவங்களில் 1,000க்கு ஆறு, ஏழு பேரளவில் இது நேர்கிறது. அவற்றில் ஏறத்தாழ பாதி, 4 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கே நேர்கின்றன என்பது எனக்குப் புதிய செய்தி. பெரும்பாலானவற்றில் தாயின் தொடைகளை வயிற்றோடு சேர்த்து மடக்கிப் பிடித்து, அடிவயிற்றில், இடுப்பெலும்பின் முன் வளைவுக்குச் சற்று மேலே அழுத்தம் கொடுத்தாலே தோள் விடுபட்டுவிடும். சிலவற்றில் பிள்ளையின் கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டுக் கை தளர்ந்துபோகலாம். அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் நிரந்தரமாகக் கை வழங்காமல் போவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கழுத்துப்பட்டை எலும்பு முறியலாம். அது பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். மிக அரிதாக மூச்சு முட்டி மூளை பாதிக்கப்படுவதும், உயிர் போவதும் உண்டு. அந்தக் கடைசி வரியையும் அவர் தவிர்க்கவில்லை. பொம்மையின் தோளை எலும்புக்குள் சிக்கவைத்து, பிறகு விடுவித்துக் காட்டியபோது, அதுவரை பெயரற்ற ஒரு பயமாக இருந்தது எனக்கு விளங்கிக்கொள்ளக்கூடிய ஓர் உடல் நிகழ்வாக மாறியது. இந்த நிலையத்தின் சேவையில் நான் முதலிடம் கொடுப்பது இந்த விளக்கத்துக்குத்தான்.

முன்கூட்டியே வலியை வரவழைத்தால் இந்த ஆபத்து குறையுமா என்பதே அடுத்த கேள்வி. இதற்கு அவர் தன் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு முன் ஆய்வுகளைச் சொன்னார். நானும் வீட்டுக்கு வந்து தேடி வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 822 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், 37, 38ஆவது வாரங்களில் வலியை வரவழைத்த பெண்களிடையே, குறிப்பிடத்தக்க தோள் சிக்கலும் அதோடு சேர்ந்த பாதிப்புகளும் 2 சதவீதமாகவும், காத்திருந்தவர்களிடையே 6 சதவீதமாகவும் இருந்தன. ஆனால் கை நரம்புப் பாதிப்பு இரு பிரிவிலும் ஒருவருக்குக்கூட நேரவில்லை. 2025இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வு இன்னும் பெரியது. 106 வைத்தியசாலைகளில் 2,893 பெண்கள், அனைவரும் நீரிழிவு இல்லாதவர்கள். 38ஆவது வாரம் நிறைந்த சில நாட்களுக்குள் வலி வரவழைக்கப்பட்ட பிரிவில் தோள் சிக்கல் 2.3 சதவீதம், வழமையான பராமரிப்புப் பிரிவில் 3.1 சதவீதம். 1,000 பெண்களில் 31 என்பது 23 ஆகிறது. அந்த வேறுபாடும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. காத்திருக்க வேண்டிய பிரிவில் பலருக்கு வேறு காரணங்களால் முன்னதாகவே பிரசவம் நடந்துவிட்டதால் வேறுபாடு மங்கிப்போயிருக்கலாம் என்று, வகுத்த முறைப்படியே பிரசவித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, 2.3க்கு எதிராக 3.7 சதவீதம் என்று வந்தது. இந்த வேறுபாடு தெளிவானது.

இங்கே நான் ஒரு கேள்வி கேட்டேன். பிரித்தானியப் பெண்களின் உடல்வாகு வேறு, எங்களுடையது வேறு. அவர்களுக்குப் பெரிய பிள்ளை என்பது எனக்கு மிகப் பெரிய பிள்ளை அல்லவா? அந்த ஆய்வில் கிலோக் கணக்கை எல்லையாக வைக்கவில்லை, தாயின் உயரம், நிறை, இனம், எத்தனையாவது பிள்ளை என்பவற்றைக் கணக்கில் எடுத்து, அந்தத் தாய்க்கு எதிர்பார்க்கக்கூடிய நிறைகளில் மேல் பத்து சதவீதத்துக்குள் விழும் பிள்ளையையே பெரிதென்று கொண்டார்கள் என்றார். 4 கிலோ, 4.5 கிலோ என்று வெளிநாட்டு நூல்களில் வரும் எல்லைகளை என் உயரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதும், 3.9 கிலோ என்றால் என் விடயத்தில் கவனம் வேண்டும் என்பதும் அதிலிருந்து விளங்கின. ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாமல் இந்த இடத்தில் அவர் எச்சரித்ததும் சேவையின் தரமே.

மறுபக்கத் தட்டில் இருப்பவற்றையும் வைத்தார். பலருக்கும் இருக்கும் பயம், மருந்து வைத்தால் கடைசியில் சிசேரியனில்தான் முடியும் என்பது. மேற்சொன்ன ஆய்வுகளில் அப்படி அதிகரிக்கவில்லை. ஆனால் நான்கு ஆய்வுகளையும் 1,190 பெண்களையும் சேர்த்துப் பார்த்த, கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் தொகுப்பாய்வில், வலி வரவழைக்கப்பட்டவர்களிடையே ஆசனவாய்த் தசை வரை செல்லும் கடும் கிழிவுகள் கூடுதலாகக் காணப்பட்டன. ஒரு பிள்ளையின் எலும்பு முறிவைத் தடுக்க 60 பெண்களுக்கு வலியை வரவழைக்க வேண்டியிருக்கும் என்றும் அது கணக்கிட்டது. முன்னதாகப் பிறக்கும் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்து ஒளிச்சிகிச்சை தேவைப்படுவது சற்றுக் கூடுகிறது. 39 வாரத்துக்கு முன் இந்தக் காரணத்துக்காக மட்டும் வலியை வரவழைக்க வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேற்று நிபுணர் கல்லூரி சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டல், பிள்ளை பெரிதென்ற சந்தேகம் மட்டும் அதற்குப் போதாது என்றது. நேரே சிசேரியன் செய்வதைப் பற்றியும் கேட்டேன். நீரிழிவு இல்லாதவர்களுக்கு, மதிப்பிட்ட நிறை 4.5 கிலோவைத் தாண்டினால் சிசேரியன் என்று வைத்தால், நிரந்தரக் கை நரம்புப் பாதிப்பு ஒன்றைத் தடுக்க 3,695 பேருக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கும் என்று 1996இல் ஓர் அமெரிக்கக் கணிப்பு சொன்னதை அவர் எடுத்துக்காட்டினார். அதற்கு மேல் அதைப் பேச எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை.

வலியை வரவழைப்பது என்றால் நடைமுறையில் என்ன நடக்கும் என்பதை அவர் சொன்ன விதம் எனக்கு மிகவும் பயன்பட்டது. கருப்பை வாய் எவ்வளவு மென்மையாகி, நீளம் குறைந்து, திறந்திருக்கிறது என்று விரலால் பரிசோதித்துப் புள்ளியிடுவார்கள். புள்ளி குறைவாக இருந்தால் ஃபோலி கத்தீற்றர் என்ற மெல்லிய இறப்பர்க் குழாயை உள்ளே வைத்து, அதன் நுனியிலுள்ள சிறு பலூனில் நீரேற்றி விடுவார்கள், அல்லது கருப்பை வாயை மென்மையாக்கும் புரொஸ்ரகிளாண்டின் மருந்து வைப்பார்கள். வாய் திறந்த பிறகு நீர்க்குடத்தை உடைத்து, தேவையானால் வலியைத் தூண்டும் ஒக்சிற்றோசின் மருந்தைச் சேலைனில் ஏற்றுவார்கள். அப்போது பிள்ளையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். தலைப்பிள்ளைக்கு இது முழுவதற்கும் ஒரு நாளுக்கு மேலும் எடுக்கலாம், வலி தானாக வருவதை விடக் கடுமையாகத் தோன்றலாம், முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை என்றும் முன்கூட்டியே அறிந்திருந்ததால், விடுதியில் நான் எதற்கும் திடுக்கிடவில்லை.

இந்த ஊருக்கே உரிய ஒரு கேள்வியையும் அவர் கேட்டார்: வலி கண்டால் வைத்தியசாலைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? உப்புவெளியிலிருந்து நகர் பக்கந்தான். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் 50 கிலோமீற்றருக்கு அப்பால் புல்மோட்டையிலிருந்து வந்திருந்தார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்துத் தாய்மாருக்குப் படகுப் பாதைக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது உண்மைதான். ஆனாலும் நள்ளிரவில் வாகனம் தேடி வர வேண்டிய பெண்ணுக்கும், சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அருகிலேயே வசிக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. தோள் சிக்கினால் விடுவிக்க நிமிடங்களே இருக்கும். பயிற்சி பெற்றவர்கள் கூடி நிற்கும் நேரத்தில் பிரசவம் நடப்பதற்கும் ஒரு பெறுமதி உண்டு. எந்த ஆய்விலும் இல்லாத இந்தக் கணக்கை, எங்கள் மாவட்டத்தை அறிந்த ஒருவரால்தான் போட முடியும். கொழும்புக்குப் போய்ப் பெரிய நிபுணரிடம் காட்டலாம் என்று உறவினர்கள் வற்புறுத்தியதை நான் ஏற்காததற்கு இதுவும் காரணம்.

என் மாமி கூட வந்திருந்தார். எப்படியும் மருந்து வைத்து எடுப்பதென்றால் நல்ல நட்சத்திரம் பார்த்து நாள் குறிக்கலாமா என்று அவர் கேட்டபோது, "அம்மா, பிள்ளையும் கருப்பையும் ஆயத்தமாக இருக்கிற நாள்தான் எங்களுக்கு நாள்" என்று வைத்தியர் மரியாதையோடு சொன்னார். முடிவை மாமியிடமோ கணவரிடமோ கேட்காமல், இறுதியில் என்னைப் பார்த்துக் கேட்டார். இது சிறிய விடயமன்று. நீரிழிவும் குறைந்த உயரமும் கொண்ட ஒரு தாய்க்கு, 9 முதல் 10 சதவீதம் வரை இருந்த தோள் சிக்கல் ஆபத்தைச் சொல்லாமல் விட்டதற்காக வைத்தியரைப் பிழையாகக் கண்டு, பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மொன்ற்கொமறி வழக்கில் 2015இல் தீர்ப்பளித்தது. அந்தத் தாய்க்கு மறுக்கப்பட்ட தகவல் எனக்குக் கேட்காமலே தரப்பட்டது.

நான் 39 வாரம் நிறையும்வரை காத்திருந்து, அதற்குள் வலி வராவிட்டால் வரவழைப்பது என்று தீர்மானித்தேன். வலி வரவில்லை. அரச வைத்தியசாலையில் ஃபோலி வைத்து, மறுநாள் நீர்க்குடம் உடைத்து, ஒக்சிற்றோசின் ஏற்றி, தோள் சிக்கல் எதுவுமின்றி மகள் பிறந்தாள், நிறை 3.8 கிலோ. ஆசனவாய்த் தசையை எட்டாத இரண்டாம் தரக் கிழிவுக்குத் தையல் போட்டார்கள். நலமாகப் பிறந்தாள் என்பதை வைத்து என் முடிவுதான் சரியென்று வாதிட மாட்டேன். 38ஆவது வாரத்திலோ, 40ஆவது வாரத்திலோ அவள் இதே போல நலமாகப் பிறந்திருக்கலாம். என் முடிவுக்குக் காரணங்கள் இருந்தன, அவை எனக்கு விளங்கியிருந்தன என்பதைத்தான் சொல்ல முடியும்.

குறைகளுக்கு வருகிறேன். காத்திருக்கும் இடம் மிகக் குறுகியது. சித்திரை வெயிலில் நிறைமாதப் பெண்கள் கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் கதிரைகளில் மணிக்கணக்கில் இருக்கிறார்கள். தரப்படும் இலக்கத்துக்கும் உள்ளே போகும் நேரத்துக்கும் தொடர்பே இல்லை. ஒருவருக்கு விரிவாக விளக்கும் வைத்தியர் என்றால் மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதற்கேற்ப இலக்கங்களைக் குறைத்து வழங்குவது நிருவாகத்தின் பொறுப்பு. ஆலோசனை அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவே மெல்லிய பலகைத் தடுப்பு மட்டுமே இருப்பதால், உள்ளே பேசுவது வெளியே கேட்கிறது. பெண்கள் தங்கள் உடலைப் பற்றிப் பேசும் இடத்தில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையன்று. அறிக்கைகள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே தரப்படுகின்றன. தமிழும் சிங்களமும் மட்டும் வாசிக்கத் தெரிந்த தாய்மாருக்கு, வைத்தியர் வாயால் சொன்னவற்றை வீட்டில் நினைவுபடுத்திப் பார்க்கக்கூட ஒரு தாள் இல்லை. எனக்கு எழுதிக் காட்டிய கணக்கைக் கேட்டு வாங்கி வந்தேன்; கேட்கத் தயங்குபவர்களுக்கு அது கிடைக்காது. இரு பக்கங்களில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு விளக்கத் தாளை அச்சிடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

கட்டணம் நகரிலுள்ள மற்றத் தனியார் ஆலோசனைகளை ஒத்ததே. அரச கிளினிக்கில் இதே ஆலோசனையை இலவசமாகப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அங்கே கூட்டம் அதிகம் என்பதால் கேள்விகளை முதலே எழுதிக்கொண்டு போனால், கிடைக்கும் சில நிமிடங்களில் முக்கியமானவற்றைக் கேட்டுவிடலாம். பணம் கொடுத்துப் போக முடியாதவர்கள் குறைந்தபட்சம் இவற்றைக் கேட்க வேண்டும்: எனக்கு நீரிழிவு இல்லையென்பது உறுதியா, இந்த நிறைக் கணக்கில் பிழை எவ்வளவு, என் கருப்பை வாய் ஆயத்தமா, 39 வாரம் வரை பொறுத்தால் எனக்குக் கூடும் ஆபத்து எவ்வளவு. இந்த நிலையத்துக்குப் போகிறவர்கள் கர்ப்பிணி அட்டையையும், குளுக்கோஸ் பரிசோதனை முடிவையும், திகதியை உறுதிப்படுத்திய முதல் மூன்று மாத ஸ்கானையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். முதல் ஸ்கான் இல்லாமல் வாரக் கணக்கே ஐயத்துக்குரியதாகிவிடும். குடிநீரும் ஒரு சிறு தலையணையும் கொண்டு போவது நல்லது.